பாடுற கல்லும் ஊமைக் கல்லும்

எங்கள் ஹாரியட்ஸ் கல்லியில் கல் விஷயத்தில் ரஸ்ஸல் பென்ரோஸ் சொன்னால் சொன்னதுதான். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஆஸ்திரேலியாவில் பெண்டிகோ நகரத்திலிருந்து தெற்கே முக்கால் மணி நேரம் வண்டியோட்டினால் வருகிற சின்ன ஊர் இது. தங்கம் கிடைத்த காலத்தில் பணத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிய தபாலாபீஸ், கோர்ட்டு, ஓட்டல், மூன்று சர்ச்சுகள் என்று எல்லாவற்றுக்கும் தலையில் சிலேட்டுக் கல். வேல்ஸ் நாட்டு மலையில் வெட்டி, கப்பலில் வந்து, மாட்டு வண்டியில் ஏறி இங்கே சேர்ந்த கல். தங்கம் தீர்ந்ததும் ஆட்கள் போய்விட்டார்கள். கூரைகளைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை.

இந்தக் கூரைகளைத் தகரமாக மாற்றப் பழங்கட்டிடச் சட்டம் விடாது. பழுது பார்க்க வேண்டுமென்றால் கல்லையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கி, நல்லதை எடுத்து, மறுபடி அதே கூரையில் ஏற்ற வேண்டும். எது நல்லது என்று யார் சொல்வது? ரஸ்ஸல்தான். கல்லின் மேல் மூலையை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிடுவார். நடுவில் முட்டியால் ஒரு தட்டு. நல்ல கல் ‘டிங்’ என்று மணி மாதிரி கேட்கும். உள்ளே விரிசல் ஓடியிருந்தால் ‘டப்’. அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். முதல் ரகத்துக்கு ‘பாடுது’ என்பார், இரண்டாவதற்கு ‘ஊமை’ என்பார். ஊமைக் கற்கள் யார் வீட்டுத் தோட்டத்துக்காவது பாத்தி கட்டப் போகும்.

பரம்பரைத் தொழில் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருடைய அப்பா ரயில்வேயில் கைகாட்டி இறக்குபவர். ரஸ்ஸல் பதினாறு வயதிலிருந்து பன்றிக்கறித் தொழிற்சாலையில் வெட்டிய பன்றியைச் சுமந்தார். ஒன்பது வருஷம் சுமந்த பிறகு ஒரு நவம்பரில் முட்டை முட்டையாக ஆலங்கட்டி விழுந்து ஓட்டல் கூரையைப் பொத்தல் போட்டது. மெல்போர்னிலிருந்து கூரை வேலைக்காரர்கள் வர நாலு மாசம் ஆகும் என்றார்கள். “நான் ஏறிப் பாக்கறேன்” என்று ரஸ்ஸல் ஏறினார். முதல் வாரம் அவர் பொருத்தியதைவிட உடைத்தது அதிகம். மூன்றாவது வாரம், ‘டப்’ என்ற கல்லெல்லாம் சீக்கிரமே பிளந்துவிடுவதைத் தானாகக் கண்டுபிடித்தார். அதோடு பன்றிக்கு விடை கொடுத்தார்.

அதற்கப்புறம் முப்பது வருஷம் அந்தக் காதுதான் அவருடைய சொத்து, கர்வம், பேச்சு எல்லாம். ஓட்டலில் பியர் பந்தயம் வைப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் கல்லைத் தட்டுவான், இந்தப் பக்கம் ரஸ்ஸல் சரியாகச் சொல்வார். “இந்த ஊர்ல எல்லாருக்கும் காது இருக்கு. எனக்குத்தான் கேக்கும்” என்பார். “நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது” என்று அவர் மனைவி ஹெதர் சேர்த்துக்கொள்வாள். ஓட்டல் முழுக்கச் சிரிக்கும்.

கல் அறுக்கும் மெஷின் போடுகிற சத்தம் பல்லைக் கூசவைக்கும். ஹெதரின் தம்பி லாக்லன் காதுமூடி இல்லாமல் அதன் பக்கமே போக மாட்டான். ரஸ்ஸல் காதுமூடியைத் தொட்டதில்லை. “காதப் பொத்திக்கிட்டா கல்லு என்ன சொல்லுதுன்னு எப்படிடா தெரியும்?” என்று கேட்பார். அந்த அலறலுக்குள்ளேயே நின்று முப்பது வருஷம் அறுத்தார்.

லாக்லன் அவரோடு சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். ரஸ்ஸல் கீழே நின்று தட்டுவார். லாக்லன் கூரைமேல் ஏணியில் படுத்தபடி தாமிர ஆணி அடிப்பான். இருவருக்கும் ஒரே ஒரு சட்டம். கீழே இருப்பவன் தேறியது என்று மேலே அனுப்பிய கல்லை மேலே இருப்பவன் மறுபடி சோதிக்கக் கூடாது. செங்குத்தான சரிவில் நின்றுகொண்டு இரண்டு பேர் இரண்டு புத்தி பேசினால் ஒருவன் விழுவான் என்பது ரஸ்ஸலின் கட்சி. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

போன வருஷம் மெதடிஸ்டு சர்ச்சின் பழைய ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி மண்டபத்தை முடித்தார்கள். இறக்கியது நாலாயிரத்து இருநூறு கல். ஊமை என்று ஒதுக்கியது ஐம்பத்து மூன்றுதான். எங்கள் ஊரில் இப்படி ஒரு கூரை பார்த்ததில்லை என்று திறப்பு விழாவில் ரஸ்ஸல் சாஸேஜைக் கையில் வைத்துக்கொண்டு பிரசங்கமே செய்தார். பத்திரிகையில் போட்டோ வந்தது. இவ்வளவு கல்லில் இவ்வளவு கொஞ்சமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இந்த மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்றால் அந்த மண்டபத்தில் கைக்குழந்தைக்காரிகள் கூடுவார்கள். பின்னறையில் பூசணி சூப் கிடைக்கும், அதற்காக வந்த ரஸ்ஸலும் லாக்லனும் கோப்பையோடு வாசலில் நின்றார்கள். காலையிலிருந்து வடக்குக் காற்று. தபாலாபீஸ் கவுண்டரில் இருக்கும் டானா தன் ஏழு மாதப் பையன் ஆர்லோவைத் தள்ளுவண்டியோடு வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தாள். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். திடீரென்று மூக்கைப் பிடிக்கிற நாற்றம். “ஐயோ, முழுசா நாறடிச்சிட்டான்” என்று அவனை அள்ளிக்கொண்டு உள்ளே துணி மாற்றப் போனாள்.

அவள் நாலடி வைத்திருப்பாள். மேலே ஏதோ சறுக்குகிற சத்தம், பிறகு ‘சதக்’. எல்லோரும் திரும்பினார்கள். பாதியாக உடைந்த ஒரு சிலேட்டுக் கல் தள்ளுவண்டியின் மேல்துணியைக் கிழித்து, மெத்தையைப் பிளந்து, நட்டுவைத்த கத்தி போல நின்றது. பையன் தலை வைத்திருந்த இடம்.

டானா குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு அந்தக் கல்லையே பார்த்தாள். அழுக்குத் துணியிலிருந்து அவள் சட்டையில் வழிந்ததை அவள் கவனிக்கவே இல்லை. ரஸ்ஸலின் கையில் இருந்த சூப் கோப்பை சாய்ந்து, சூப் அவர் பூட்ஸில் கொட்டியது. இது என் கூரை, என் கூரை என்று மட்டும் அவர் மண்டைக்குள் ஓடியது.

அந்தப் பயம் போய்க் கோபம் வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. லாக்லன் பக்கம் திரும்பினார்.

“ஆணிய இறுக்கிட்டியேடா! எத்தன வருஷமா சொல்றேன், கல்லு ஆணியில தொங்கணும், ஆணி கல்ல நெரிக்கக் கூடாதுன்னு. மேல படுத்துக்கிட்டு என்னத்தடா அடிச்ச?”

“மச்சான், நான் இறுக்கல.”

“அப்ப கல்லு தானா ரெண்டாச்சா? அந்தக் குழந்த செத்திருக்கும்டா! உன் கையால செத்திருக்கும்!”

அத்தனை பெண்கள் முன்னால் சொன்னார். அன்று சாயந்திரம் ஓட்டலில் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னார். இருட்டுவதற்குள் லாக்லன்தான் குழந்தையைக் கொல்லப் பார்த்தவன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கடையில் அவனுக்கு ரொட்டி கொடுத்த பெண் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தாள்.

மறுநாள் காலை லாக்லன் அக்கா வீட்டுச் சமையலறைக்குள் வந்தான். கும்பிடு, குசலம் ஒன்றும் இல்லை. மேஜையில் இருந்த டோஸ்ட்டை நகர்த்திவிட்டு எட்டுக் கல்லை வரிசையாக வைத்தான். விடிந்ததும் மண்டபக் கூரையில் ஏறி, விழுந்த கல் இருந்த இடத்தைச் சுற்றியிருந்த கற்களைக் கழற்றி வந்திருந்தான்.

“ஆணி ஓட்டையப் பாரு மச்சான். ஒண்ணுலயாவது நெரிஞ்சிருக்கா? பாத்துச் சொல்லு.”

ரஸ்ஸல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஓட்டைகள் சுத்தமாக இருந்தன. இருந்தும் விட்டுக்கொடுக்க மனசில்லை.

“இதுல இல்ல. உடைஞ்சதுல இருந்திருக்கும். இந்தக் கல்லெல்லாம் தங்கம்டா, இப்பக்கூடப் பாடும் பாரு.” ஒன்றைத் தொங்கவிட்டுத் தட்டினார். “கேட்டியா? பாடுது.” இரண்டாவதைத் தட்டினார். “பாடுது.” மூன்றாவது, நாலாவது. “எல்லாம் பாடுது!”

அடுப்படியில் நின்ற ஹெதர் திரும்பினாள். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல் அறிவு எதுவும் இல்லாத ஹெதருக்கே அந்த நாலில் மூன்று ‘டப்’ என்று கேட்டது.

“ரஸ், அத இன்னொரு வாட்டி தட்டு” என்றாள்.

தட்டினார். “பாடுது. ஏன்?”

ஹெதர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு கல்லை மேஜையில் படுக்கவைத்து, அதன்மேல் உள்ளங்கையை முழுசாக அழுத்தினாள். மணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடித்தால் எங்கே சத்தம் வரும்? “இப்பத் தட்டு.”

“பாடுது” என்றார் ரஸ்ஸல். சொல்லும்போதே அவருக்கு என்னவோ போல் ஆயிற்று. அமுக்கிய கல் பாடாது என்பது அவருக்குத் தெரியாதா? கையை எடுத்துக்கொண்டார். ‘டிங்’ என்ற அந்தச் சத்தம் நிற்கவில்லை. மெல்லிசாக, உயரமாக, போய்க்கொண்டே இருந்தது.

“தட்டறத நிறுத்துங்க” என்றார்.

“யாரும் தட்டல ரஸ்.”

“கேக்குதே.”

“ஒண்ணும் கேக்கல” என்றாள் ஹெதர். “இங்க ஒரு சத்தமும் இல்ல.”

ரஸ்ஸல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சத்தம் அவர் காதுக்குள்ளேயே இருந்தது. கல் அறுக்கும் மெஷின் கொடுத்துவிட்டுப் போனது. எத்தனை நாளாக இருக்கிறது என்று யோசித்தார். அது இல்லாத நாள் எப்படி இருந்தது என்றே நினைவுக்கு வரவில்லை. தட்டிய கல்லெல்லாம் பாடியதற்குக் காரணம் கல் அல்ல. டிவி சத்தத்தை அவர் கூட்ட ஆரம்பித்து மூன்று வருஷம் இருக்கும் என்று ஹெதர் சொன்னாள். அவள் மெதுவாகத்தான் சொன்னாள், அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அப்படிப் புரிந்துகொள்வதும் ரொம்ப நாளாக நடக்கிறது என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

மூன்று வருஷம். அதற்குள் வேலை பார்த்த கூரைகள் நாலு: மண்டபம், தபாலாபீஸ், கோர்ட்டு, ஓட்டலின் சமையல்கட்டு. தபாலாபீஸில் கிழவர்கள் வரிசையில் நிற்பார்கள். கோர்ட்டு வாசலில் சனிக்கிழமை சந்தை போடுவார்கள். எங்கே, எந்தக் கல், எப்போது? பிறகுதான் இன்னொன்று தோன்றியது. மெதுவாகத் தலையை உயர்த்தி லாக்லனைப் பார்த்தார்.

“நீ அந்தக் கல்லுல ஆணி அடிச்ச. சுத்தியல் பட்டா மேல சத்தம் வருமே. உனக்குக் கேட்டிருக்குமே?”

லாக்லன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

“கேட்டுச்சு.”

“கேட்டுச்சா!”

“முதல் தடவ கேட்டப்ப கோர்ட்டு வேல. மூணு கல்ல எடுத்துக்கிட்டு இறங்கி வந்து, இது ஊமை மச்சான்னேன். நீ என்ன பண்ண? ஓட்டல்ல வச்சு, மாப்ளைக்கு இப்பல்லாம் கல்லு பேசுதாம்னு ஊரக் கூட்டிச் சிரிச்ச. அப்புறம் ஊமைக் கல்ல உன்கிட்ட சொல்லாம சாரத்துக்குப் பின்னால தூக்கிப் போட்டுப் பாத்தேன். அதையும் எண்ணிட்டு வந்து, வேல்ஸ் கல்லு உங்கப்பன் வீட்டுச் சொத்தாடா, வீணாக்கறியேன்னு கத்துன. அதோட விட்டேன். நீ அனுப்புனத அடிச்சேன். நாலாயிரமும் அடிச்சேன்.”

“ஊமைன்னு தெரிஞ்சே அடிச்சியா?”

“தெரிஞ்சேதான்.”

ஹெதர் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கூரைக்கடியில் குழந்தைகள் தவழ்ந்ததை இவனும் பார்த்துக்கொண்டுதானே சூப் குடித்தான் என்று ரஸ்ஸல் நினைத்தார். தானும்தான் குடித்தார். யாரை வெறுப்பது என்று தெரியவில்லை.

ரஸ்ஸல் எழுந்து தொப்பியை எடுத்தார். “நாலு இடத்தையும் கயிறு கட்டி அடைக்கணும். இன்னிக்கே. அடைக்கணும்னா ஏன்னு சொல்லணும்” என்றார்.

“நான் இறுக்கி அடிச்சேன்னே இருக்கட்டும் மச்சான்” என்றான் லாக்லன். “உன் பேரு போனா வேல போச்சு. என் பேரு ஏற்கெனவே போயிடுச்சு.”

“அப்படிச் சொன்னா மண்டபத்த மட்டும்தான் அடைப்பாங்க. அடுத்த கல்லு தபாலாபீஸ்ல விழும்.”

பத்து மணிக்கு மண்டபத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். ஊர் பாதி தெருவில் கூடிவிட்டது. டானா ஆர்லோவை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். ரஸ்ஸல் படியில் ஏறவில்லை, தெருவிலேயே நின்று சொன்னார்.

“நேத்து லாக்லன் மேல பழி போட்டேன். அது பொய். அவன் ஆணி சரியா இருக்கு. கல்லுதான் ஊமை. தேறும்னு அனுப்புனது நான். எனக்குக் காது போயிடுச்சு. போனது எனக்கே தெரியல. மூணு வருஷமா நான் தட்டுன எதையும் நம்பாதீங்க. மண்டபம், கோர்ட்டு, ஓட்டல் சமையல்கட்டு, தபாலாபீஸ். இந்த நாலுக்குக் கீழயும் யாரும் நிக்காதீங்க.”

தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அல்லது ரஸ்ஸலுக்குக் கேட்கவில்லை. அவர் முகங்களைப் பார்த்தார். எல்லா முகமும் வெளுத்திருந்தது.

“தபாலாபீஸா?” என்றாள் டானா. “நான் உக்காந்திருக்கற கவுண்டருக்கு மேலயா?”

“ஆமாம்மா.”

அப்போது லாக்லன் முன்னால் வந்தான். அவன் வர வேண்டிய அவசியமே இல்லை. அவன் மேல் விழுந்த பழியை ரஸ்ஸல் துடைத்துவிட்டாரே, பேசாமல் நின்றிருக்கலாம். “அவருக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு. தெரிஞ்சேதான் அடிச்சேன்” என்றான்.

டானா அவனையும் பார்த்தாள், இவரையும் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருவருக்கும் இருந்தது.

“ஒருத்தருக்குக் காது போச்சு, இன்னொருத்தருக்கு வாய் போச்சு” என்றாள். “இடையில என் புள்ள போயிருப்பான்.”

ரஸ்ஸல் தலை குனிந்தார். கூரையை முழுக்க இறக்கி மறுபடி தட்ட வேண்டும், அதற்குக் காது உள்ள ஆள் மெல்போர்னில் ஒருவர் இருக்கிறார், வர மூன்று வாரமாவது ஆகும் என்று முணுமுணுத்தார்.

“தட்டிப் பாக்கறதுக்கு மெல்போர்ன்ல இருந்தா ஆள் வரணும்? குடுங்க இங்க” என்றாள் டானா.

லாக்லன் காலையில் கொண்டுவந்த எட்டுக் கல்லும் அவன் வண்டியில் கிடந்தன. டானா ஒன்றை வாங்கினாள். எப்படிப் பிடிப்பது என்று ரஸ்ஸல் விரலை மடக்கிக் காட்டினார். குழந்தையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு தட்டினாள். “இது செத்தது.” அடுத்தது. “இதுவும்.” அடுத்ததைத் தட்டியதும் குழந்தையே தலையைத் திருப்பிப் பார்த்தது. “இது நல்லாருக்கு.” ஒவ்வொன்றுக்கும் ரஸ்ஸல் லாக்லனின் முகத்தைப் பார்த்தார். லாக்லன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். எட்டுக்கு எட்டும் சரி. அதுவரை கல்லைத் தொட்டே பார்க்காத பெண். அந்த வேலைக்குத் தேவைப்பட்டது ஒரு சாதாரணக் காதுதான் என்று தெரிந்தபோது, முப்பது வருஷமாக ஓட்டலில் தான் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து ரஸ்ஸலுக்கு முகம் எரிந்தது.

லாக்லன் கூரைமேல் ஏறி வாசலுக்கு மேலே இருந்த வரிசையிலிருந்து கழற்ற ஆரம்பித்தான். ஹெதர் வாங்கினாள், டானா தட்டினாள், ரஸ்ஸல் சுமந்தார். மதியம் ஒரு மணிக்கு முன்னூற்றுப் பத்துக் கல் இறங்கியிருந்தது. ஊமைக் குவியல் அவர் இடுப்புக்கு வந்துவிட்டது. ஐம்பத்து மூன்று என்று பத்திரிகையில் சொன்னவர், எண்ணிக்கை நூறு தாண்டியதும் எண்ணுவதை நிறுத்தினார். ஒவ்வொரு கல்லையும் வைக்கும்போது தள்ளுவண்டியில் நட்டுக்கொண்டு நின்றது கண்ணில் வந்தது. ஆனாலும் வைத்தார்.

டானா அவர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். வழக்கம்போலத் தலையாட்டப் போனவர், நிறுத்தினார்.

“எனக்குக் கேக்கலம்மா. என்ன சொன்ன?”

டானா கையில் இருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு, கிட்டே வந்து, அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

“ஊமைக் கல்லு வைக்க இனிமே இடமில்ல. பெரிய லாரியக் கொண்டு வாங்கன்னேன்.”

ரஸ்ஸல் லாரியைக் கொண்டுவரப் போனார்.